குடும்பத்தோடு ஆட்டோகிராஸ் வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள், முதல் முறை ஆட்டோகிராஸுக்குப் போகும் முன் கேட்கும் கேள்விகள் இவை. காரை ஓட்டப் போகிறவர் கேட்பது ஒன்று. கூட வரப்போகிறவர் கேட்பது வேறு. இரண்டாவது வகைக் கேள்விகளுக்குப் பதில் எங்கும் சரியாகக் கிடைப்பதில்லை என்பதால் இங்கே அவைதான் அதிகம்.

ஆட்டோகிராஸ் என்பது ரேஸா, இல்லையா?

ரேஸ்தான். ஆனால் பக்கத்தில் இன்னொரு கார் முட்டிக்கொண்டு வராது. பெரிய பார்க்கிங் லாட்டிலோ பழைய விமான ஓடுபாதையிலோ ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுவார்கள். கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒளிக்கற்றை வைத்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நேரத்தை அளப்பார்கள். நீங்கள் போட்டியிடுவது கடிகாரத்தோடு.

பெரும்பாலான கார்கள் இரண்டாவது கியரைத் தாண்டாது. மணிக்கு 60 மைலைத் தொடுவதே அரிது. நெடுஞ்சாலையில் தினமும் அதைவிட வேகமாகத்தான் போகிறீர்கள், ஆனால் அங்கே 50 நொடிக்குள் இருபது தடவை ஸ்டீயரிங்கைத் திருப்புவதில்லை.

1944-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா (சுருக்கமாக எஸ்.சி.சி.ஏ.) இதை 'சோலோ' என்ற பெயரில் நாடு முழுக்க நடத்துகிறது. உள்ளூர் பி.எம்.டபிள்யூ. கிளப், போர்ஷே கிளப் போன்றவையும் நடத்துகின்றன. உறுப்பினர் இல்லாதவர்களையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓட்டக் கிடைக்கும்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து நிமிடம்.

உள்ளூர் நிகழ்ச்சிகளில் ஒருவருக்கு வழக்கமாக நான்கிலிருந்து ஆறு ரன் (பாதையை ஒரு முறை ஓட்டி முடிப்பது ஒரு ரன்) கிடைக்கும். ஒவ்வொன்றும் 45 நொடியிலிருந்து ஒரு நிமிடம். இதற்காகக் காலை ஏழு, ஏழரைக்கே வந்து மாலை நான்கு மணிவரை தார் மைதானத்தில் இருக்க வேண்டும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ரேஸ் பார்க்கப் போகலாம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனால், பதினொரு மணிக்கு "எப்போ கிளம்பலாம்?" என்ற கேள்வி வரும். அது நியாயமான கேள்வி.

அப்படியென்றால் குடும்பம் எதற்கு வர வேண்டும்?

வேடிக்கை பார்க்க மட்டும் என்றால் வர வேண்டாம். கேலரி கிடையாது, திரை கிடையாது, வர்ணனை என்று ஒலிபெருக்கியில் கார் எண்ணும் அதன் நேரமும் மட்டும்தான். கோன்களுக்கு நடுவே யாரோ ஒருவர் கார் ஓட்டுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

ஆனால் பெரும்பாலான மோட்டார் விளையாட்டுகளில் இல்லாத ஒன்று இதில் உண்டு. கூட வந்தவருக்கும் அன்றைக்கே கையில் ஒரு வேலை கிடைக்கும். அவரும் அதே காரில், அதே பாதையில், அதே நாளில் ஓட்டலாம். டைமிங் கணினியில் உட்காரலாம், கிரிட்டில் (ஓட்டக் காத்திருக்கும் கார்கள் நிற்கும் இடத்தில்) கார்களை வரிசைப்படுத்தலாம். அமர்ந்து பார்க்கிற குடும்பம் அடுத்த முறை வராது. வேலையில் இறங்கிய குடும்பம் வரும். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் அடுத்த பதிலையும், ஒரே காரை இருவர் ஓட்டுவது பற்றிய பதிலையும் படித்துவிடுங்கள்.

'கோர்ஸ் வேலை' என்கிறார்களே, அது என்ன? கட்டாயமா?

ஓட்டுபவருக்குக் கட்டாயம். ஆட்களைப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். ஒரு பிரிவு ஓட்டும்போது இன்னொரு பிரிவு மைதானத்தில் நிற்கும். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் விளையாட்டு அல்ல இது. வேலைக்கு வராமல் நழுவினால் பல கிளப்களில் உங்கள் ரன்கள் எல்லாமே செல்லாததாகிவிடும்.

நிற்கும் இடத்தை ஸ்டேஷன் என்பார்கள். ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று நான்கு பேர், ஒரு ரேடியோ, ஒரு தீயணைப்பான், ஒரு சிவப்புக் கொடி. கார் கோனைத் தட்டிவிட்டால் ஓடிப் போய் எடுத்து, தரையில் சாக்பீஸால் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் திரும்ப வைக்க வேண்டும். எத்தனை கோன் என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். அடுத்த கார் ஏற்கெனவே கிளம்பியிருக்கும் என்பதால் இதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

விதிகள் எளிமை: கார் வரும் திசைக்கு முதுகைக் காட்டக் கூடாது, உட்காரக் கூடாது, போனைத் தொடக் கூடாது, விரல்களை மூடும் காலணி வேண்டும். செருப்போடு வந்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் உண்டு.

ஓட்டாமல் கூட வந்தவரும் பதிவு மேசை, டைமிங் போன்ற இடங்களில் உதவலாம். கேட்டால் மறுக்கும் கிளப்பை நான் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால் டைமிங்தான் சிறந்த இடம். நிழல் உண்டு, உட்காரலாம், அதோடு யார் எங்கே நேரத்தை விடுகிறார்கள் என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டுக் கார் போதுமா?

கொரோலா, சிவிக், கேம்ரி எல்லாம் தாராளமாகப் போதும். ஆட்டோமேட்டிக் என்றாலும் பரவாயில்லை. டெஸ்லா மாடல் 3 வைத்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீடு திரும்பும் அளவுக்கு சார்ஜ் மிஞ்சுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மைதானத்தில் அதிகம் கண்ணில் படுவது மாஸ்டா மியாட்டா. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், பழையது வாங்கினால் விலையும் கட்டுப்படி.

எஸ்.யூ.வி.யும் மினிவேனும்தான் சிக்கல். சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தோடு ஒப்பிட்டால் உயரம் அதிகம் என்பதால் கவிழும் ஆபத்து உண்டு. பலவற்றுக்கு அனுமதி கிடையாது. பதிவு செய்யும் முன் கேட்டுவிடுங்கள்.

முதல் முறை போகும்போது பெரும்பாலோர் எதை மறக்கிறார்கள்?

இரண்டாவது காரை.

போட்டிக்குப் போகும் காருக்குள் கழன்று உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. மிதியடி, தண்ணீர் பாட்டில், டிக்கியில் இருக்கும் குடை, எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். குழந்தை இருக்கையையும்தான். இப்போது யோசித்துப் பாருங்கள்: இரண்டு வயதுக் குழந்தை மதியம் தூங்க வேண்டும், ஏசி வேண்டும், குழந்தை இருக்கை தார்த் தரையில் கிடக்கிறது, கார் கிரிட்டில் வரிசையில் நிற்கிறது. கைக்குழந்தை உள்ளவர்கள் இரண்டு காரில் போவதே நல்லது. கூட வந்தவர் அலுத்துப்போனால் கிளம்பிவிடவும் முடியும். கிளம்ப முடியும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் கிளம்ப மாட்டார்கள்.

ஒரே காரில்தான் போக வேண்டும் என்றால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியும் தார்ப்பாயும் எடுத்துப் போங்கள். எடுத்த சாமான்களை அதில் போட்டு மூடி வைக்கலாம். திரும்பும்போது குழந்தை இருக்கையை அவசரமில்லாமல் ஒழுங்காகப் பொருத்த நேரம் ஒதுக்குங்கள்.

காரைச் சோதிப்பார்களாமே, எதைப் பார்ப்பார்கள்?

பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரி ஆடாமல் கட்டப்பட்டிருக்கிறதா, சக்கர நட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, இறுக்கமா, பிரேக் மிதி கெட்டியாக நிற்கிறதா, ஆக்சிலரேட்டர் விட்டதும் திரும்புகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, டயரில் கம்பி தெரிகிறதா, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா. இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கார் எண்ணையும், கார் எந்தப் போட்டிப் பிரிவு (வகுப்பு) என்பதையும் கதவில் ஒட்ட வேண்டும். நீல நிற பெயின்டர்ஸ் டேப் போதும், பெயின்ட் உரியாது. எண்ணை வடிவமைத்து ஒட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து படிக்க முடிந்தால் சரி.

ஹெல்மெட்டுக்கு ஸ்னெல் (ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் அமைப்பு) போன்ற, கிளப் ஏற்கும் ஒரு சான்று வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான 'எம்' வகையே போதும், ஆனால் டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) முத்திரை மட்டும் இருப்பதை ஏற்க மாட்டார்கள். முதல் முறைக்கு வாங்க வேண்டாம். பல கிளப்கள் இரவல் தருகின்றன.

கோனைத் தட்டினால் என்ன ஆகும்?

எஸ்.சி.சி.ஏ. விதிப்படி ஒரு கோனுக்கு 2 நொடி கூடும். கோன் சாய்ந்தாலோ, நின்றபடியே கட்டத்துக்கு முழுவதும் வெளியே போனாலோ கணக்கு. நகர்ந்தாலும் அடிப்பாகம் கொஞ்சமாவது கட்டத்துக்குள் நின்றால் தப்பித்தீர்கள். திசை காட்டப் படுக்க வைத்திருக்கும் கோன்களுக்குத் தண்டனை கிடையாது. ஒரு கேட்டையே (கார் நுழைந்து போக வேண்டிய கோன் ஜோடியை) விட்டுவிட்டுப் போனால் அந்த ரன் போச்சு.

முந்தைய கார் தட்டிய கோன் உங்கள் வழியில் கிடந்தால் நிறுத்தி, அதைக் கையால் சுட்டிக்காட்டுங்கள். மறுபடி ஓட்ட விடுவார்கள். நிற்காமல் முடித்துவிட்டு வந்து முறையிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

காருக்கு அடிபடுமா என்று கேட்பார்கள். கோன் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்தானே, வழக்கமாக ஒரு ஆரஞ்சுக் கறையோடு போய்விடும்.

கணவனும் மனைவியும் ஒரே காரை ஓட்டலாமா?

ஓட்டலாம், ஓட்டுங்கள். இது இந்த விளையாட்டில் சர்வசாதாரணம். ஒருவர் எண் 42 என்றால் இன்னொருவருக்கு 142 என்று வைத்துக்கொள்வார்கள். ஒருவர் ரன் முடித்து வந்ததும் இறங்க, மற்றவர் ஏறி இருக்கையை நகர்த்திக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அப்பாவும் மகளும், மாமனாரும் மருமகனும் இப்படி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஓட்டுபவருக்கு டயர் குளிர்ந்திருக்கும், பிடிப்பு குறைவு. இரண்டாமவருக்குச் சூடான டயர் கிடைக்கும். வெயில் நாளில் கதை மாறும். இரண்டு பேர் ஓட்டினால் டயர் அதிகமாகச் சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். அதனால்தான் கிரிட்டில் சிலர் செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரோடு டயருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்பார்கள். சாதாரண டயர் என்றால் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பது வழக்கம், டயரின் பக்கவாட்டு மடங்காமல் இருக்க. ஓரத்தில் சாக்பீஸ் கோடு போட்டால் எதுவரை மடங்குகிறது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குக் கிளம்பும் முன் அழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்க மறக்காதீர்கள்.

டயர் எளிது. கஷ்டமானது வேறு: துணைக்கு நீங்களே சொல்லிக்கொடுக்காதீர்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "இங்கே பிரேக், இங்கே பிரேக்" என்று கத்தினால் அந்த வார இறுதி அதோடு முடிந்தது. கிளப்பில் கேட்டால் அனுபவமுள்ள ஒருவர் கூட உட்கார்ந்து சொல்லித்தருவார். அந்நியர் சொன்னால் அறிவுரை, கட்டியவர் சொன்னால் குறை. எந்த வீட்டிலும் இது இப்படித்தான். இன்னொன்று, மனைவி உங்களைவிட ஒன்றரை நொடி வேகமாக ஓட்டினால் அதற்கு டயரைக் காரணம் சொல்லாதீர்கள்.

எஸ்.சி.சி.ஏ. போட்டிகளில் பெண்களுக்கென்று தனி வகுப்புகள் இருக்கின்றன, விரும்பினால் பொது வகுப்பிலும் ஓட்டலாம். பொது வகுப்பில் எல்லாரையும் வெல்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதால், தனி வகுப்பு தேவையா என்ற விவாதம் பெண்களிடையே அவ்வப்போது நடக்கும்.

பிள்ளைகள் காரில் உட்கார்ந்து வரலாமா?

சிறு பிள்ளைகள் முடியாது. வயது, உயரம் இரண்டுக்கும் வரம்பு உண்டு, கிளப்பைக் கேளுங்கள். 18 வயதுக்குக் குறைந்த எவரும் உள்ளே வரவே பெற்றோர் கையொப்பமிட்ட படிவம் வேண்டும். சில சமயம் தாய், தந்தை இருவர் கையொப்பமும் கேட்பார்கள். ஒருவர் மட்டும் பிள்ளையோடு போகிறீர்கள் என்றால் இதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள், வாசலில் நின்று தவிக்க வேண்டாம்.

மைதானத்துக்குள் சிறுவர்கள் கிரிட் பக்கமும் தொடக்கக் கோட்டுப் பக்கமும் போகக் கூடாது. கார்கள் நிறுத்தி வைத்திருக்கும் பேடாக்கில்தான் இருக்க வேண்டும். அங்கேயும் கார்கள் போய்வந்துகொண்டே இருக்கும், கையை விடாதீர்கள். சைக்கிள், ஸ்கேட்போர்டு வேண்டாம். சத்தம் விமான நிலையம் அளவுக்கு இருக்காது, ஆனாலும் கைக்குழந்தைக்குக் காது மூடி எடுத்துப் போவது நல்லது.

பிள்ளைகளுக்கு மிகப் பிடிப்பது காலையில் நடக்கும் கோர்ஸ் வாக். கார்கள் ஓடத் தொடங்கும் முன் எல்லாரும் பாதையை நடந்து பார்த்து மனப்பாடம் செய்வார்கள். படிவமும் கைப்பட்டையும் இருந்தால் பிள்ளைகளையும் கூட்டிப்போக பல கிளப்கள் விடும். பத்து வயதுப் பிள்ளை உங்களைவிடச் சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடும்.

பிள்ளைகள் தாங்களே ஓட்ட முடியுமா?

சில இடங்களில் சிறுவர்களுக்கான கார்ட் (சிறிய திறந்த பந்தய வண்டி) வகுப்பு உண்டு. 'ஃபார்முலா ஜூனியர்' என்று பெயர். அதே கோன் பாதையின் பாதுகாப்பான வடிவத்தில், முழுப் பாதுகாப்பு உடுப்போடு ஓட்டுவார்கள். செலவும் பயிற்சியும் அதிகம், திடீரென்று இறங்கக்கூடியது அல்ல.

புதிதாக லைசென்ஸ் எடுத்த பதின்வயதுப் பிள்ளை இருந்தால் நான் முதலில் சொல்வது ஆட்டோகிராஸைக்கூட அல்ல, 'டயர் ராக் ஸ்ட்ரீட் சர்வைவல்' என்ற ஒருநாள் பயிற்சியை. ஈரத் தரையில் கார் சுழலும்போது பிடிப்பது, முழு பலத்தில் பிரேக் அடிப்பது, பெரிய டிரக் ஓட்டுநருக்கு எங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாது என்பது எல்லாம் தங்கள் சொந்தக் காரிலேயே பழகுவார்கள். அதற்கப்புறம் ஆட்டோகிராஸ். ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது மிதி காலடியில் எப்படி அதிரும் என்பதை 16 வயதில் காலி மைதானத்தில் தெரிந்துகொள்வது நல்லது. நெடுஞ்சாலையில் முதல் முறை தெரிந்துகொள்வது நல்லதல்ல.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா?

முழு நாள் வேண்டாம், மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் போதும். அவர்களும் படிவத்தில் கையொப்பமிட்டுக் கைப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். மடக்கு நாற்காலி, நிழல், தண்ணீர் கட்டாயம். கழிப்பறை பெரும்பாலும் வரிசையாக வைத்திருக்கும் தற்காலிகப் பெட்டிகள்தான் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். "இவ்வளவு பெட்ரோலை வீணாக்கி ஒரே இடத்தைச் சுத்தி வர்றதுக்கா காலையில அஞ்சு மணிக்கு எழுந்தீங்க?" என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள். பதில் என்னிடம் இல்லை.

சாப்பாடு, வெயில்?

உணவு வண்டி வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் வராது. புளிசாதமும் சிப்ஸும் நாள் முழுக்கத் தாங்கும். தயிர்சாதம் என்றால் ஐஸ் பெட்டியில். உங்கள் வேலை நேரம் எப்போது என்பது காலையில்தான் தெரியும். ஆகவே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று திட்டமிட வேண்டாம், பொட்டலமாகக் கட்டிவிடுங்கள்.

ஜூலை மாதத் தார் மைதானத்தில் மரம் கிடையாது. பாப்-அப் பந்தல் கொண்டுபோவீர்கள், சரி, நான்கு காலிலும் எடை கட்டுங்கள். எடை கட்டாத பந்தல் ஒரு காற்றுக்கு எழும்பி அடுத்தவர் காரின் மேல் போய் விழும். அந்தக் கார் எப்போதும் அன்று காலைதான் பாலிஷ் போட்டதாக இருக்கும்.

செலவு எவ்வளவு? விபத்து நடந்தால் காப்பீடு உண்டா?

நுழைவுக் கட்டணம் இடத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 முதல் 75 டாலர். அதே காரை ஓட்டும் இரண்டாமவர் தனியாகக் கட்ட வேண்டும். உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூடும். இந்தப் பழக்கத்தில் பணத்தைத் தின்பது டயர். தொடக்கத்தில் காரில் இருக்கும் டயரையே தேய்த்து முடியுங்கள். தரையில் ஒட்டிப் பிடிக்கும் போட்டி டயர் வாங்கினால் உங்கள் தவறுகளை அது மறைத்துவிடும்.

நிகழ்ச்சிக் காப்பீடு உங்கள் காரின் சேதத்துக்குப் பணம் தராது. சொந்தக் கார் பாலிசியிலும் நேரம் அளக்கும் போட்டிகளை விலக்கும் வாசகம் இருப்பது வழக்கம். பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குடும்பம் வர வேண்டுமா?

முதல் முறை ஞாயிறு மட்டும் போதும் என்பது என் கருத்து. சனிக்கிழமை உங்களுக்கே எங்கே கையொப்பமிடுவது, எங்கே நிற்பது என்று தெரியாது; அதோடு குடும்பத்தையும் கவனிக்க முடியாது. ஞாயிறன்று இடம் பழகியிருக்கும், நிழல் எங்கே என்று தெரியும், நாலு பேர் முகம் தெரியும்.

நான் வேகமாகத்தான் ஓட்டினேன், ஏன் ஒரு பழைய சிவிக் என்னைவிட மேலே இருக்கிறது?

கார்களை அவற்றின் திறனையும் செய்த மாற்றங்களையும் பொறுத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். வகுப்புகளுக்கு இடையே ஒப்பிட 'பேக்ஸ்' என்ற பெருக்கு எண் உண்டு. உதாரணத்துக்கு, சிவிக்கின் நேரம் 50 நொடி, எண் 0.800 என்றால் கணக்கில் 40 நொடி. கார்வெட்டின் நேரம் 46 நொடி, எண் 0.880 என்றால் 40.48. சிவிக் ஜெயித்தது.

வேகம் கூட்ட ஒரே ஒரு வழி சொல்கிறேன்: பக்கத்துக் கோனைப் பார்க்காமல் அதற்கடுத்ததைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் கை போகும்.

மழை பெய்தால் ரத்தாகுமா?

ஆகாது. இடி மின்னல் என்றால் நிறுத்துவார்கள், வெறும் மழைக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். புதியவர்களுக்கு மழை நல்லது. மெதுவான வேகத்திலேயே கார் வழுக்குவதால் கற்றுக்கொள்வது அதிகம். மைதானத்தில் நிற்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.

நெப்ராஸ்காவில் நடக்கும் சோலோ நேஷனல்ஸுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

எஸ்.சி.சி.ஏ.யின் இந்தத் தேசியப் போட்டி 2009 முதல் லிங்கன் நகரில், செப்டம்பர் தொடக்கத்தில் நடந்து வருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுவார்கள். இரண்டு பாதைகள், நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மூன்றே ரன், இரண்டின் சிறந்த நேரங்களையும் கூட்டி முடிவு. ஆக நாடு பாதி கடந்து போய் மொத்தம் ஏறத்தாழ ஆறு நிமிடம்தான் ஓட்டுவீர்கள். பள்ளி தொடங்கிவிட்டிருக்கும் நேரம், ஒரு வாரம் விடுப்பு எடுக்க வேண்டும். உள்ளூரில் ஒரு பருவம் முழுக்க ஓட்டிவிட்டு, வீட்டில் மற்றவர்களும் "போகலாம்" என்று தாங்களாகச் சொன்னால் போங்கள். அறையை மட்டும் சீக்கிரம் பதிவு செய்யுங்கள். அதே பருவத்தில் கல்லூரி ஃபுட்பால் ஆட்டமும் இருந்துவிட்டால் லிங்கனில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.